பிடுங்கிய தண்டவாளமும் பூட்டிய நிலையமும்

என் மாமனாருக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். சிங்கப்பூருக்கு எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பெட்டியில் அரைக்கிலோ ஏலக்காயும் வாயில் ஒரு ரயில் கதையும் கொண்டுவருவார். மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். 2022 மே மாதம் தேனி வரைக்கும் வந்தது. போடிக்கு வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. நடுவில் பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷத்தையும் அவர் ஒவ்வொரு மாதமாக எண்ணியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

இந்த முறை ஒரு சனிக்கிழமை காலை அவரை ஹியூம் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறக்கி, பழைய ரயில் தடத்தில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். மரநிழல், சைக்கிள்காரர்கள், இரும்புப் பாலம், கடைசியில் சிவப்புச் செங்கல் புக்கிட் தீமா நிலையம். நிலையத்தின் முன்னால் பார்வைக்காகக் கொஞ்சம் தண்டவாளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏன் மாப்ள, எங்க ஊர்லயே பிடுங்குன தண்டவாளத்தத் திரும்பப் போட்டுட்டாய்ங்க. இம்புட்டுப் பணக்கார ஊரு, நீங்க எதுக்கு இத நடக்குறதுக்கு விட்டு வச்சிருக்கீங்க?"

நல்ல கேள்வி. அன்றைக்கு தேநீர் ஆறுவதற்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. ரயில் தொழில்நுட்பம் எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி, மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ரயில் பாதை என்றால் என்ன என்று பிரித்துப் பார்த்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவது தண்டவாளம். அதற்குக் கீழே கட்டை, ஜல்லி, மேடுபள்ளம் இல்லாமல் சமன் செய்த மண், பாலம், மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய். அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் வரைக்கும் எங்கேயும் அறுந்துபோகாமல் ஓடும் ஒரு கீற்று நிலம். அகலம் கொஞ்சம்தான், ஆனால் நீளம் முழுக்க ஒரே கையில் இருக்க வேண்டும்.

இந்த மூன்றில் தண்டவாளம்தான் மலிவு. அது வெறும் இரும்பு. கழற்றலாம், வேறு இடத்தில் பூட்டலாம். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் இருந்த தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டுபோய் சயாம் - பர்மா பாதைக்குப் போட்டார்கள். நம் தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே சயாம் ரயில்தான். போர் முடிந்ததும் கிழக்குக் கரையில் மறுபடியும் தண்டவாளம் போட்டு வண்டி விட்டார்கள். எப்படி முடிந்தது? நிலக்கீற்று அப்படியே கிடந்தது. போடிக்கும் அதே கதைதான். தண்டவாளம் போனாலும் இடம் ரயில்வேயிடமே இருந்தது. வருஷம் ஓடியதே தவிர, வழி தொலையவில்லை.

அந்தக் கீற்று அறுந்துவிட்டால் கதையே வேறு. பிரிட்டனில் 1963-இல் வந்த பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளைப்பாதைகளை மூடினார்கள். எடின்பரோவிலிருந்து தெற்கே கார்லைல் வரை போய்க்கொண்டிருந்த பாதை 1969-இல் மூடப்பட்டது. 2015-இல் அதில் ட்வீட்பேங்க் வரை சுமார் 48 கிலோமீட்டரை மட்டும் திறந்தார்கள். மிச்சம் இன்னும் வரவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் ஓரிடத்தில் வீடு, ஓரிடத்தில் சாலை என்று முளைத்துவிடும். நூறு மீட்டரை மீட்கும் செலவு பத்துக் கிலோமீட்டர் தண்டவாளம் போடும் செலவைத் தாண்டிவிடும். அதனால், பாதையை மூடிவிட்டார்கள் என்று எங்கே கேள்விப்பட்டாலும் தண்டவாளத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நிலத்தை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

சிங்கப்பூர் இந்தச் சோதனையை இரண்டு முறை எழுதியிருக்கிறது. ஒரு முறை தோல்வி, ஒரு முறை தேர்ச்சி என்று சொல்லலாம்.

1903-இல் திறந்த முதல் பாதை டேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டு நியூட்டன், புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ் வரை போனது. அங்கிருந்து ஜோகூருக்குப் படகு. கடற்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1923-இல்தான். டேங்க் ரோடு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தண்டாயுதபாணி கோயிலும் தைப்பூசக் காவடியும். அந்தக் கோயில் இருக்கும் தெருவில்தான் இந்தத் தீவின் முதல் பெரிய ரயில் நிலையமும் இருந்தது. 1932-இல் நகரத்துக்குள் ஓடும் பாதையைக் கைவிட்டு, புக்கிட் தீமாவிலிருந்து குவீன்ஸ்டவுன் பக்கமாக வளைத்து, தஞ்சோங் பகாருக்குப் புதுப்பாதை போட்டார்கள். பழைய கீற்று சாலையாகவும் கட்டடமாகவும் கரைந்துபோனது. இன்றைக்கு நியூட்டனில் நின்றுகொண்டு ரயில் எந்த வழியாகப் போனது என்று கேட்டால் காட்டுவதற்கு ஆள் கிடைக்காது.

புதுப்பாதை வந்த அதே 1932-இல்தான் குவீன்ஸ்வே பக்கத்தில், பாதையோரக் குடிசை ஒன்றில், ரயில்வேயில் வேலைபார்த்த நம் ஆட்கள் முனீஸ்வரரை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. ரயில் போய்விட்டது. காவலுக்கு வந்த சாமி போகவில்லை.

தஞ்சோங் பகார் பாதை 2011 ஜூன் 30 இரவு வரை ஓடியது. கடைசி வண்டியை ஓட்டிச்சென்றவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். இந்தக் கதையில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதை சிங்கப்பூர் மண்ணில் இருந்தாலும் அதன் நிலம் மலேசிய ரயில்வேயின் குத்தகையில் இருந்தது. 1918-இல் எழுதிய குத்தகை, 999 வருஷத்துக்கு. 1990-இல் ஓர் ஒப்பந்தம், அதன் பொருள் பற்றி இருபது வருஷ இழுபறி, 2010-இல் தீர்வு. நிலத்துக்கு ஈடாகக் கொடுத்த மனைகளில்தான் மரினா ஒன், டுவோ கட்டடங்கள் எழுந்தன. இரண்டு நாடுகள் இருபது வருஷம் பேசியது அந்த நிலத்துக்காகத்தான். தண்டவாளத்தைக் கழற்றி மலேசிய ரயில்வேயிடமே கொடுத்துவிட்டார்கள்.

சரி, இப்போது நிலம் கையில் இருக்கிறது. வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அறுபடாமல். இயற்கைச் சங்கம் 2010-லேயே இதைப் பசுமை வழித்தடமாகக் காப்பாற்றச் சொல்லித் திட்டம் கொடுத்திருந்தது. அரசாங்கமும் கேட்டுக்கொண்டது. அப்படியென்றால் ரயிலையே விட்டிருக்கலாமே? மாமா கேட்டது அதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வரும்போது நிலைய ஊழியர் பிளாட்பாரத்தில் ஒரு வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். வளையத்தில் ஒரு தோல் பை, பைக்குள் ஒரு இரும்புச் சாவி. ஓட்டுநர் கையை வெளியே விட்டு அந்த வளையத்தை வாங்கிக்கொண்டு, தான் கொண்டுவந்த வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். பார்க்க ஏதோ சடங்கு மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால், அது ஒற்றைப் பாதை. இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் இரண்டு வண்டிகள் ஒரே துண்டுக்குள் நுழைந்தால் மோதல்தான். அதனால் அந்தத் துண்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாவிதான் வெளியே வரும். இரண்டு நிலையங்களிலும் ஆளுக்கொரு பெட்டி, இரண்டுக்கும் மின்கம்பித் தொடர்பு. ஒரு பெட்டியிலிருந்து சாவியை எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இன்னொரு பெட்டி திறக்காது. சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாதை.

மாமாவிடம் இதை விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. "டோக்கன்!" என்றார். போடி ஸ்டேஷனில் சின்ன வயதில் பார்த்தது. "எதுத்தாப்ல வர்ற வண்டிக்காகக் காத்துக் கெடக்குறதுக்குக் கிராசிங்னு சொல்லுவாய்ங்க. கிராசிங்னு சொல்லிட்டா, எறங்கி ஒரு டீயே குடிச்சுட்டு வந்துரலாம்."

அந்த டீ நேரத்தில்தான் கணக்கே இருக்கிறது. உதாரணத்துக்கு, இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஓட 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் எதிர்வண்டி புறப்படும். ஒரு மணி நேரத்தில் நான்கு வண்டிகள், திசைக்கு இரண்டு. அரைமணிக்கு ஒரு வண்டி! ஒரு நாளைக்குச் சில நெடுந்தூர ரயில்கள் போகிற பாதைக்கு அது தாராளம். வேலைக்குப் போகிற ஊருக்கு? காலை நேரத்தில் எம்ஆர்டி இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. அப்படியும் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்று கதவருகே ஒதுங்கி நிற்கிறோம்.

புறநகர் ரயில் ஓட வேண்டுமென்றால் குறைந்தது இரட்டைப் பாதை வேண்டும். 1932-இல் கட்டிய இரண்டு இரும்புப் பாலங்களும் ஒற்றைப் பாதைக்கான அகலம்தான். கிராஞ்சி, சுவா சூ காங் ரோடு போன்ற இடங்களில் பாதை சாலையை ரயில்வே கேட் போட்டுக் கடந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால் கேட்டைத் திறக்கவே நேரமிருக்காது. எல்லா இடத்திலும் மேம்பாலமோ சுரங்கமோ வேண்டும். தண்டவாள அகலமும் பொருந்தாது. மலேசிய ரயில்வே ஓடுவது மீட்டர் கேஜில், அதாவது 1,000 மில்லிமீட்டர். எம்ஆர்டி ஓடுவது 1,435 மில்லிமீட்டரில். ஒன்றின் வண்டி இன்னொன்றில் ஏறாது. பழைய பாதையைத் திறக்கிறோம் என்று ஆரம்பித்தாலும், மண்ணைத் தவிர மற்றதெல்லாம் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

அப்படிச் செய்தால்தான் என்ன, பணம்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏறுவதற்கு ஆள் வேண்டாமா?

ரயில் நிலையத்துக்கு மக்கள் நடந்து வருகிற தூரம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஏறக்குறைய 800 மீட்டர். நிலையத்தை நடுவில் வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டால் உள்ளே அடங்குவது இரண்டு சதுர கிலோமீட்டர். அந்த இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் தூங்கி எழுகிறார்கள், எத்தனை பேர் வேலைக்கோ பள்ளிக்கோ வருகிறார்கள் என்பதுதான் நிலையத்தின் சோறு. தோ பாயோவில் போடுகிற வட்டத்துக்குள் வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். புக்கிட் தீமா நிலையத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். தனி வீடுகள், மரங்கள், அங்கங்கே பள்ளிக்கூடம். கொஞ்சம் வடக்கே தள்ளிப் போட்டால் பாதி வட்டம் இயற்கை வனத்துக்குள் விழும். குரங்குகளுக்கு ஈஸிலிங்க் பயண அட்டை கொடுத்தால்தான் உண்டு.

இருக்கிற கொஞ்சம் பேருக்கும் வேறு வழி வந்துவிட்டது. 2015 டிசம்பரில் திறந்த டவுன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டத்தை வரைபடத்தில் பாருங்கள். புக்கிட் பாஞ்சாங், ஹில்வியூ, பியூட்டி வோர்ல்ட், கிங் ஆல்பர்ட் பார்க் என்று பழைய ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே, பூமிக்கடியில் போகிறது. பழைய பாதை நகரத்துக்கு வெளியே வளைந்து தஞ்சோங் பகாருக்குப் போனது. இது நேராக நகர மையத்துக்கே போகிறது. பழையது போன வேலையை இது வேறு உடம்பெடுத்து வந்து செய்கிறது என்றேன். மாமாவுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது, தலையாட்டினார். என்றாலும் தண்டவாளத்தை ஒருமுறை செருப்புக்காலால் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

கீற்று சும்மாவும் கிடக்கவில்லை. தெற்குப் பாதியின் மண்ணுக்குள் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் மர்னேன் குழாய் போகிறது. மேலே மனிதர்கள், கீழே தண்ணீர். சாலையைத் தோண்டிப் போக்குவரத்தை நிறுத்தாமல் குழாய் போட முடிந்ததே அறுபடாத நிலம் இருந்ததால்தான். நாளைக்கு வேறு தேவை வந்தாலும் வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், அதை நடைபாதையாக வைத்திருப்பதும் ஒருவகைச் சேமிப்புதான். வீடு கட்டியிருந்தால் டேங்க் ரோடு பாதைக்கு ஆன கதி இதற்கும் ஆகியிருக்கும்.

ஜூரோங்குக்கும் ஒரு கிளைப்பாதை இருந்தது. 1960-களின் நடுவில் தொழிற்பேட்டைச் சரக்குக்காகப் போட்டது. லாரி ஜெயித்துவிட்டது, 1990-களின் தொடக்கத்தில் அது ஓய்ந்தது. கிளமெண்டி பக்கம் காட்டுக்குள் அதன் மிச்சம் கிடக்கிறது.

இனி கதையின் மறுபக்கம். மற்ற நாடுகளில் மூடியதைத் திறக்கிறார்கள். சிங்கப்பூரில் கட்டி, மூடிவைத்து, பிறகு திறக்கிறார்கள்.

வடக்குக் கிழக்குப் பாதை 2003 ஜூனில் திறந்தபோது புவாங்கோக், உட்லீ இரண்டு நிலையங்களும் முழுசாகக் கட்டி முடிந்திருந்தன. ரயில் அவற்றின் உள்ளேயே போனது, ஆனால் நிற்கவில்லை. சுற்றிலும் ஆள் போதாது என்பதுதான் காரணம், அதே வட்டக் கணக்கு. புவாங்கோக் மக்களுக்கு ஆத்திரம். வாசலில் நிலையம் இருக்கிறது, ஏற முடியாது என்றால் யாருக்குத்தான் வராது? 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்த வட்டாரத்துக்கு வருகை தந்த நாளில், நிலையத்துக்கு வெளியே அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள் நின்றுகொண்டிருந்தன. செலவு வைக்கும், வேலைக்கு ஆகாது என்பதற்கு அடையாளம். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நாம் கேட்பதில்லையா, அதேதான். போலீஸ் விசாரணை நடந்து, எச்சரிக்கையோடு முடிந்தது. 2006 ஜனவரி 15-ஆம் தேதி நிலையம் திறந்தது. அட்டை யானை எட்டுக்கும் அதில் எவ்வளவு பங்கு என்று அவரவர் ஊகித்துக்கொள்ளலாம். உட்லீ இன்னும் பொறுத்து 2011 ஜூனில் திறந்தது. இப்போது அதன் தலைக்கு மேல் பிடாடாரி புதுநகரம், வீடுகளும் கடைகளுமாக.

ஆள் இல்லாத இடத்தில் முதலில் எதற்காகக் கட்டுகிறார்கள் என்ற கேள்வி வரும். பதில் பூமிக்கடியில் இருக்கிறது. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு சுரங்கத்தை உடைத்து நடுவில் ஒரு நிலையம் நுழைப்பது ஓடுகிற மனிதனுக்கு அறுவை சிகிச்சை செய்கிற மாதிரி. கடைசி ரயில் போய், மின்சாரத்தை நிறுத்தி, விடிகாலை முதல் ரயில் வருவதற்குள் கிடைப்பது மூன்று மணி நேரச் சொச்சம். அதற்குள் கருவிகளை உள்ளே கொண்டுபோய், வேலைபார்த்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பாதை சுத்தமா என்று பார்த்துவிட வேண்டும். அதனால் தோண்டும்போதே நிலையத்தின் கூட்டையும் கட்டிவிடுகிறார்கள். சுவர், தூண், தரை மட்டும். மின்படி, விளக்கு, வாயில்கள் எல்லாம் ஊர் வளர்ந்த பிறகு. வீடு கட்டும்போதே மாடிக்குக் கம்பி நீட்டி வைக்கிறோமே, அந்த யோசனைதான்.

வட்டப்பாதையில் கால்டிகாட்டுக்கும் பொட்டானிக் கார்டன்ஸுக்கும் நடுவே ரயிலில் போகும்போது ஒரு இடத்தில் புக்கிட் பிரவுன் என்ற நிலையத்தின் கூட்டைக் கடக்கிறீர்கள். பழைய இடுகாட்டின் பெயர், சுற்றிலும் இன்னும் வீடு இல்லை. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் மவுண்ட் பிளசண்ட் நிலையமும் பக்கத்தில் வீடுகள் வருவதற்காகக் காத்திருந்த நிலையம்தான். பொங்கோல் இலகு ரயிலில் தெக் லீ நிலையத்தைப் பல வருஷம் மூடியே வைத்திருந்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அன்றைக்குக் காலையில் மாமாவும் நானும் இறங்கினோமே, அந்த ஹியூம் நிலையமும் அப்படித்தான். 2015-இல் பாதை திறந்தபோது வெறும் கூடு. 2025 பிப்ரவரி 28-இல்தான் முதல் பயணி இறங்கினார். ஒன்பது வருஷம் நானே அதன் வழியாகப் போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. மாமா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் பன்னெண்டு வருஷமே தேவல போலயே" என்றார்.

ஓடும் பாதையில் நிலையம் நுழைத்ததே கிடையாதா என்றால், உண்டு. 2001-இல் டோவர், 2019-இல் கேன்பெரா. இரண்டும் தரைக்கு மேலே இருக்கும் பாதையில் என்பதைக் கவனியுங்கள். அப்படியும் பாடுதான்.

மூடிய கதையும் ஒன்று இருக்கிறது, அதுவும் நான் இருக்கும் பேட்டையிலேயே. புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் 1999 நவம்பரில் தொடங்கியபோது டென் மைல் ஜங்ஷன் என்று ஒரு நிலையம், ஒரு கடைத்தொகுதிக்குள். ஒன்றிரண்டு முறை பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட அதில் ஏறியிருக்கிறேன். பெட்டிக்குள் நாங்களும் குளிர்சாதனமும்தான். ஆளில்லை என்று ஒரு வருஷம் மூடினார்கள், திறந்தார்கள், கடைசியில் 2019 ஜனவரி 13-இல் நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்கள். பாதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது, பணிமனைக்குப் போகிற வண்டிகள் அதன் வழியாகத்தான் போகின்றன. பயணிக்கு மூடியது, வண்டிக்கு மூடவில்லை. அந்த நிலையம் ஒருநாள் மறுபடியும் திறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்திலேயே வேறு நிலையங்கள் இருக்கும்போது அதன் வட்டத்துக்குள் மிஞ்சுவது மிகக் கொஞ்சம் பேர்.

இனி வரப்போகிறவற்றிலும் இந்த வட்டக் கணக்கைத்தான் பார்க்கலாம். 2030-களில் பத்தில் எட்டு வீடுகளுக்கு, பத்து நிமிட நடைக்குள் ஒரு ரயில் நிலையம் வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அதற்காக மொத்தப் பாதை நீளத்தைச் சுமார் 360 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். ஜூரோங் வட்டாரப் பாதை, தீவைக் குறுக்கே வெட்டும் பாதை என்று புதியவை ஒரு பக்கம். என் கண்ணுக்குச் சுவாரசியமாகப் படுவது மறுபக்கம், அதாவது பழைய பாதைக்குள் புது நிலையங்கள். வடக்கு தெற்குப் பாதையில் புக்கிட் கோம்பாக்குக்கும் சுவா சூ காங்குக்கும் இடையே பிரிக்லண்ட், இன்னும் வடக்கே சுங்கை காடுட், இரண்டும் 2030-களின் நடுவில் வரவிருக்கின்றன. பல வருஷமாக ரயில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இனி ரயிலே கிடைக்கும்.

கடற்பால ரயிலுக்கும் மறுபிறவி உண்டு. தஞ்சோங் பகார் மூடியபிறகு மலேசிய ரயில்வேக்கு சிங்கப்பூரில் மிஞ்சியது உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி மட்டும். 2015 ஜூலையிலிருந்து அங்கிருந்து ஜோகூர் பாருவுக்கு ஒரு குட்டி ரயில், பயணம் ஐந்தே நிமிடம், இங்கிருந்து போக 5 வெள்ளி. அதற்குப் பதிலாக வருவதுதான் ஆர்டிஎஸ் என்னும் புது விரைவு ரயில். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகார் வரை 4 கிலோமீட்டர், அதுவும் ஐந்து நிமிடம்தான். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எண்ணிக்கையில். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும். மீட்டர் கேஜ் ஒற்றைப் பாதை கனவிலும் செய்ய முடியாத வேலை. இங்கேயும் பழைய தண்டவாளத்தைப் பயன்படுத்தவில்லை, தனிப் பாலம், தனிப் பாதை. பழையதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, இரண்டு ஊருக்கும் நடுவே ஓயாமல் போய்வரும் கூட்டம்.

மறுநாள் மாமாவைத் தஞ்சோங் பகார் பழைய நிலையத்தின் பக்கம் கூட்டிப்போனேன். அது 2011-லேயே தேசியச் சின்னமாகிவிட்டது. வட்டப்பாதையின் இரண்டு முனைகளையும் இணைக்கும் கடைசி மூன்று நிலையங்களில் ஒன்றான கண்டோன்மண்ட் அதன் அடியிலேயே வருகிறது. தோண்டுவதற்காகப் பழைய பிளாட்பாரத்தின் ஒரு பகுதியைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, திரும்பப் பொருத்த வேண்டியிருந்தது. மேலே ரயில் வராத நிலையம், கீழே ரயில் வருகிற நிலையம்.

முகப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான்கு வெள்ளைச் சிலைகளுக்கு மேலே எஃப், எம், எஸ், ஆர் என்று நான்கு எழுத்துகள். என்ன அது என்று கேட்டார். ஒன்றிணைந்த மலாய் மாநிலங்களின் ரயில்வே, இப்போது அப்படி ஒரு ரயில்வேயும் இல்லை, அப்படி மாநிலக் கூட்டமும் இல்லை என்றேன்.

"கட்டடத்த மட்டும் விட்டுட்டுப் போய்ட்டாய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து, போடி ஸ்டேஷனில் மாலை வண்டி நிற்கிற படத்தைத் தேடிக் காட்டத் தொடங்கினார்.